புத்தளத்து மஞ்சா: கேட்கப் போகிறவர்களுக்குச் சில விசயங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

மஞ்சாப் பாட்டை முதல் தடவை கேட்கிற கொழும்பு ஆட்கள் "இது பைலா ஆட்டப்பாட்டுத்தானே?" என்றுதான் தொடங்குவார்கள். அப்படி இல்லை. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், வளர்ந்த முற்றம் வேறு. பைலா 1940களில் பாடகர் வொலி பஸ்டியன்ஸ் கைக்கு வந்து சிங்களம் பேசத் தொடங்கியது. பிறகு மேடை, வானொலி, கிரிக்கெட் மைதானத்துப் பப்பரே வாத்தியக் கோஷ்டி என்று ஊர் முழுக்கப் பரவியது. மஞ்சா புத்தளத்துக்குச் சற்று வெளியே சிரம்பியடியில், ஆபிரிக்க வம்சாவளிக் குடும்பங்களின் வாயிலேயே இருந்துவிட்டது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று ஒவ்வொருவரும் படைக்கும் அடிமை வேலைக்கும் கொண்டுவந்த மக்களின் வழிவந்தவர்கள் அவர்கள். இன்று வீட்டில் கதைப்பது சிங்களமும் தமிழும். பாட்டு மட்டும் இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழியில்.

பாட்டு மிகச் சிறியது. சில வரிதான், அதையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். தொடக்கம் தாலாட்டு மாதிரி மெதுவாக இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கடைசியில் ஆடுகிறவர்களின் இடுப்பும் தோளும் தனித்தனியே ஓடும், பிறகு வெட்டினாற்போல நின்றுவிடும். இந்த ஏற்றம்தான் மஞ்சா. முதல் ஒரு நிமிடத்தைக் கேட்டுவிட்டு "ஒரே வரியைத்தானே பாடுகிறார்கள்" என்று எழும்புகிறவர்களும், ஸ்டேட்டஸ் போடக் கடைசி முப்பது செக்கனை மட்டும் வெட்டி எடுக்கிறவர்களும் பாட்டின் பாதியைக்கூடக் கேட்டதாகாது.

தாளம் பிடிபடாதவர்களுக்கு ஒரு வழி. ஆறு எண்ணுங்கள். இடது கை முழங்காலில் 1, 4. வலது கை 1, 3, 5. அதாவது "சேர்ந்து, வலது, இடது, வலது", 2உம் 6உம் வெறுமை. இடது கை "தகிட தகிட" என்று நடக்கிறது, வலது கை "தக தக தக" என்று நடக்கிறது. மிருதங்கம் படித்தவர்களுக்குத் திஸ்ரம் என்றால் போதும். ஆனால் அவர்கள்தான் அதிகம் தடுமாறுவார்கள், ஏனென்றால் கை சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்குகிற இடத்துக்குக் காத்திருக்கும். இங்கே காத்திருக்க ஒன்றுமில்லை, சுற்று உருண்டுகொண்டே போகும். மெதுவான கட்டத்திலேயே இரண்டு கையும் ஒட்டிவிட வேண்டும். வேகம் ஏறிய பிறகு நடுவில் நுழைய முடியாது.

கூட இருந்து கை தட்டுகிறவர்கள் 1, 4இல் மட்டும் தட்டுங்கள். ஆறுக்கும் தட்டினால் சிரட்டைச் சத்தம் அமுங்கிப்போகும். அதைவிட மோசம், தட்டுகிறவர்கள் பாடுகிறவர்களுக்கு முன்னால் ஓடுவது. முன்னின்று பாடுபவர்கள் பெரும்பாலும் வயதான அம்மாமார். வேகத்தை எப்போது ஏற்றுவது என்பதை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

தாளம் பற்றி வெள்ளவத்தை அண்ணா சொன்னது சரி. கருவிகளைப் பற்றி நான் சொல்கிறேன். ரபான், டொல்கி என்ற மேளங்களைக் கடையில் வாங்கலாம், மற்றதெல்லாம் குசினிச் சாமான்தான்: சிரட்டை, போத்தல், கரண்டி, சில நேரம் கதிரைப் பலகை.

சிரட்டைக்கு நன்றாக முற்றின தேங்காய் வேண்டும். இளசு என்றால் ஓடு மெல்லிசாகி நாலாவது அடியில் வெடிக்கும். ஒரே பருமனில் இரண்டு காய் எடுத்து, இரண்டிலும் கண் இல்லாத பாதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண் உள்ள பாதியில் ஓட்டை விழுந்தால் சத்தம் சப்பென்று போகும். துருவின பிறகு உள்ளே ஒட்டியிருக்கிற பருப்பைச் சுத்தமாகச் சுரண்ட வேண்டும், கொஞ்சம் மிஞ்சினாலும் பூஞ்சணம் பிடிக்கும், சத்தமும் மங்கும். நிழலில் சில நாள் காய விடுங்கள். அவசரத்துக்குக் கடும் வெயிலில் வைத்தால் விளிம்பில் கீறல் விடும். வெளித்தும்பைக் கண்ணாடித் துண்டால் வழித்து, விளிம்பைச் சாண்ட் பேப்பரால் தேயுங்கள். விளிம்பு தேய்க்காத சிரட்டை பாட்டு வேகம் பிடிக்கும்போது உள்ளங்கையைக் கிழித்துவிடும்.

அடிக்கும்போது வாயோடு வாய் முழுக்க மூடினால் காற்று அடைபட்டு "தப்" என்று கேட்கும். கால் அங்குலம் விலத்திப் பிடித்தால் "டொக்" என்று திறந்த சத்தம் வரும். முதுகோடு முதுகு தட்டினால் அது வேறு, கூர்மையான சத்தம். இரண்டையும் மாற்றி மாற்றி அடிக்கலாம்.

போத்தல் கண்ணாடியாக இருக்க வேண்டும். தேக்கரண்டியால் தோள்பகுதியில் தட்டுங்கள், கழுத்தில் வேண்டாம், அங்கேதான் உடையும். தண்ணீர் கூட்டக் கூட்டச் சுருதி இறங்கும், ஊதும்போது நடப்பதற்கு நேர் எதிர். இரண்டு போத்தல் இருந்தால் ஒன்றைக் காலியாகவும் மற்றதைப் பாதித் தண்ணீரோடும் வைத்தால் மேல், கீழ் இரண்டும் கிடைக்கும்.

தோல் ரபான் என்றால் புத்தளத்து மாலை ஈரக்காற்றில் தளர்ந்துவிடும். தணலுக்கு மேலே, கை பொறுக்கும் சூட்டுக்குத் தள்ளிப் பிடித்துச் சுழற்றிக்கொண்டே இருந்தால் இறுகும். ஒரே இடத்தில் வைத்தால் ஓரம் கருகி அடுத்த அடியில் கிழியும்.

தெஹிவளையிலிருந்து, சொந்த ஊர் மட்டக்களப்பு:

எங்கள் ஊர்ப் பறங்கியரின் கப்ரிஞ்ஞா ஆட்டப்பாட்டை மஞ்சாவோடு ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். ஆபிரிக்க வம்சாவளியினரைக் குறிக்கும் "காப்பிரி" என்ற சொல்லோடு போர்த்துக்கேயக் குறுமை விகுதி சேர்ந்து வந்த பெயர் அது, அதனால்தான் குழப்பம். கப்ரிஞ்ஞாவில் வயலின் முன்னால் நிற்கும், கிற்றாரும் ரபானும் அதைத் தாங்கும். கல்யாண வீட்டில் சோடி சோடியாக ஆடுவார்கள், அடவு ஒழுங்கு உண்டு. மஞ்சாவில் மெட்டு வாசிக்கிற கருவியே இல்லை, குரலும் தட்டும்தான். மேடை நிகழ்ச்சிகளில் கீபோர்ட் சேர்த்துவிடுகிறார்கள். அப்படிச் சேர்த்தால் வேகம் ஏறுகிற இடத்தில் கீபோர்ட்டின் தாளப்பெட்டி ஏறாது, பாடுகிறவர்கள்தான் அதற்காக அடங்க வேண்டி வரும். பாட்டின் உயிரே போய்விடும்.

மறுபடி வெள்ளவத்தை:

பாட்டைப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கும் சில விசயங்கள். ஃபோனை மேளத்துக்குப் பக்கத்தில் வைக்காமல், பாடுகிறவர்கள் பக்கம் இரண்டு மூன்று மீற்றர் தள்ளி வையுங்கள். தானியங்கி ஒலியளவை நிறுத்த முடியுமென்றால் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் சத்தம் ஏறும்போது ஃபோன் தானாகக் குறைத்து, ஏற்றமே இல்லாத தட்டையான பாட்டைத் தரும்.

பாட்டின் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் பிறகு சரியாக வாசிக்க முடியாது. 'ப' ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்கும், 'த', 'க' நிலையும் அதுதான். சிங்களம் எழுதத் தெரிந்தவர்கள் சிங்கள எழுத்தில் எழுதுங்கள், அந்த வித்தியாசம் தங்கும். போர்த்துக்கேய அகராதியை வைத்துப் பொருள் தேடித் திருத்தவும் வேண்டாம். இது லிஸ்பன் மொழி அல்ல, பாடுகிறவர்கள் காதால் வாங்கி வைத்திருக்கிற வடிவம்தான் மூலம்.

புறக்கோட்டையிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் பஸ் இருக்கிறது, ஏறத்தாழ 130 கிலோமீற்றர். ஆனால் சொல்லாமல் போய் வாசலில் நின்று "பாடுங்கோ" என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு வேலை, பிள்ளைகள், சமையல் எல்லாம் உண்டு. முன்கூட்டியே கோல் எடுத்துக் கதைத்து, எத்தனை பேர் பாடுவார்கள், எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள். பதிவை எங்கே போடப் போகிறீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். திரும்பி வந்ததும் முழுப் பதிவின் பிரதி ஒன்றை அவர்களுக்கு அனுப்புங்கள், வெட்டாமல், மெதுவான தொடக்கத்தோடு.