ராட்சசப் பரங்கி வளர்த்தவங்க, நேர்ல பார்த்தவங்க இருக்கீங்களா?

அடிவாரத்தான்:
இங்க பாதிப் பேருக்கு அட்லாண்டிக் ஜெயன்ட்ங்கிற ராட்சசப் பரங்கி ரகம் தெரியும், அதனால விதைப் புராணம் வேண்டாம். நாகலூர் பக்கம் எங்க மாமா, காபித் தோட்டத்துக்கு நடுவுல வெயில் விழற ஒரு துண்டு நிலத்துல ஒரே ஒரு செடி வச்சிருந்தார். ஏற்காடு கோடை விழா மலர்க்காட்சியில கொண்டுபோய் வைக்கணும்னு ஆசை. மத்த பிஞ்சையெல்லாம் கிள்ளிட்டு ஒண்ணை மட்டும் விட்டார். தினம் காலையில டேப்பும் கையுமா நிப்பார். இடுப்புச் சுத்தளவு, காம்பிலிருந்து பூமுனை வரை மேலாக ஒண்ணு, குறுக்கே ஒண்ணு, மூணையும் கூட்டி, அளவை வச்சு எடை சொல்ற அட்டவணையில பார்த்தா நூறு கிலோவுக்கு மேல காட்டுது.

தூக்குற அன்னைக்கு தார்ப்பாயை அடியில நுழைச்சு ஆளுக்கொரு முனை பிடிச்சோம். மாமா தாங்கலாக் கையைக் கீழ விட்டார். வெளிய எடுத்தப்போ முழங்கை வரைக்கும் ஈரம், புளிச்ச கள்ளு வாடை. அடியில உள்ளங்கை அகலத்துக்கு அழுகி, விதை இருக்கிற உள்குழி வரை ஓட்டை. மேல ஒரு கீறல் கிடையாது. "இறக்குங்கடா"ன்னார். எடையாச்சும் போட்டுடலாம் மாமான்னேன். "ஓட்டைக் காய்க்கு எடை எதுக்கு மாப்ள"ன்னுட்டு மண்வெட்டியால நாலாப் பொளந்து மாட்டுக்குப் போட்டுட்டார். போட்டிக்கு ஆகாதுன்னா நாம தெரிஞ்சுக்கக் கூடாதா? இதை நினைச்சா இன்னமும் ஆத்திரமா வருது.

ரெடிங்வாழ் சேலத்தான்:
உங்க மாமா பேசினது சர்வதேச விதிங்க! உள்குழி வரை ஓட்டையோ வெடிப்போ இருந்தா எவ்வளவு கனமானாலும் சாதனைக் கணக்குல வராது.

நான் இருக்கிறது ரெடிங். 2025 அக்டோபர் 4, பக்கத்துல வார்கிரேவ்ல ஒரு நர்சரியில எடைபோடுறாங்கன்னு பசங்களைக் கூட்டிட்டுப் போனேன். லிமிங்டன் ஊர் இரட்டையர் இயன் பேட்டன், ஸ்டூவர்ட் பேட்டனோட காய். பட்டையெல்லாம் மாட்டி மேல தூக்குறாங்க, நான் நின்ன இடத்துல யாரும் மேல பார்க்கல, அத்தனை பேரும் குனிஞ்சு அடியைப் பார்க்குறாங்க. நானும் குனிஞ்சேன், எதைப் பார்க்கணும்னே தெரியாம. 1,278.8 கிலோ. உலக சாதனை. அதுக்கு முந்தினது 2023ல அமெரிக்காவோட டிராவிஸ் கீங்கர் கலிஃபோர்னியாவுல வச்ச 1,247 கிலோ. வித்தியாசம் 32 கிலோதான். நல்லா ஊதுற நாள்ல ஒரே ராத்திரி பகல்ல இருபது கிலோவுக்கு மேல ஏறுற காய் இது. அப்படி ஊதுற நாள் ரெண்டு குறைஞ்சிருந்தா சாதனை கிடைச்சிருக்காது. அதை நினைச்சா எனக்குத் தலை சுத்துது.

வாழப்பாடி விவசாயி:
எல்லாம் சரிங்க, அதைத் திங்க முடியுமா? எங்க வயல்ல நாட்டு அரசாணி (பரங்கிதான்) ஒண்ணு, எப்படியோ குப்பைமேட்டு ஓரம் படர்ந்து தாறுமாறாப் பெருத்துடுச்சு. பெருமையா தலைவாசல் மார்க்கெட்டுக்கு ஏத்திட்டுப் போனேன். வியாபாரி விரல் முட்டியால ரெண்டு தட்டுத் தட்டினார், என்னைப் பார்த்தார், பக்கத்துல இருந்த அஞ்சு கிலோக் காய்களை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டார். "இதை அறுத்து வச்சா சாயங்காலத்துக்குள்ள கொழகொழன்னு ஆயிடும்ணே, யார் தலையில கட்டுறது?" அவ்வளவுதான். பெருசு பெருசுன்னு அலையறவங்க ஒரு தடவை சந்தைக்கு வந்து பாருங்க.

அடிவாரத்தான்:
அண்ணே, ஜல்லிக்கட்டுக் காளையைப் பார்த்து எத்தனை லிட்டர் கறக்கும்னு கேப்பீங்களா?

மஞ்சக்குட்டை டீச்சர்:
சண்டை வேண்டாம். என் கதை சின்னது. காய் நல்லா ஏறிட்டு இருந்தது. ஒரு காலையில கிட்டப் போறேன், கிழிபடுற மாதிரி மெல்லிசா ஒரு சத்தம். காயோட தோள் பெருத்துப் பெருத்துக் கொடியை நெம்பி, காம்பு என் கண்ணெதிரே நார் நாராப் பிரியுது. கையால பிடிச்சு என்ன பண்றது!

இனி வளர்க்கப் போறவங்களுக்காகச் சொல்றேன். பிஞ்சு எலுமிச்சை அளவு இருக்கும்போதே, காம்புக்கும் கொடிக்கும் நடுவுல செங்கோணம் வர்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி விடுங்க. காம்புக்குப் பக்கத்துக் கணுவுல வேர் விட்டிருந்தா வெட்டி விட்டுடுங்க, கொடி மேல எழும்ப இடம் வேணும். மத்த கணுவையெல்லாம் மண் போட்டு மூடுங்க, ஒவ்வொண்ணும் தனியா வேர் பிடிக்கும். பக்கக் கொடியில கிளைக்கிறதை இரக்கம் பார்க்காமக் கிள்ளுங்க. அடியில நேரா ஈரமண்ணு கூடாது, ஆத்துமணல் பரப்பி வையுங்க (அடிவாரத்தான் மாமா வச்சாரா?). காய்க்கு மட்டும் நிழல், இலைக்கு முழு வெயில். தண்ணி ஒரே சீரா விடணும். காய விட்டுட்டுத் திடீர்னு பாய்ச்சினா தோல் வெடிக்கும், கோடைமழையும் அதே வேலையைத்தான் செய்யும். பழ ஈக்கு இனக்கவர்ச்சிப் பொறி கட்டுங்க, பிஞ்சுக்கு வலைத்துணி போடுங்க. அடிச்சாம்பல் நோய் வந்தா இலை போச்சு, இலை போனா காய் நின்னுடும்.

இன்னொண்ணு. அவங்க ஊரோட நம்மளை ஒப்பிடாதீங்க. தெற்கு இங்கிலாந்துல ஜூன் மாசம் பதினாறு மணி நேரத்துக்கு மேல பகல். நமக்குப் பதிமூணைத் தொடாது. சேலத்துல ராத்திரியும் புழுக்கம், பகல்ல சேர்த்த சர்க்கரையைச் செடி ராத்திரியில மூச்சு விட்டே செலவழிச்சுடும். அதனாலதான் மலை மேல கொஞ்சம் தேவலை.

ஃபேர்லேண்ட்ஸ் மாடித்தோட்டம்:
டீச்சர் சொன்னது எல்லாம் சரி, ஆனா வெயில் இன்னொரு வேலை பண்ணும். மொட்டைமாடியில எனக்கு ஆண் பூவா வந்து குவிஞ்சது. பெண் பூ ஒண்ணே ஒண்ணு, அது மலர்ந்த காலையில பார்த்து ஒரு ஆண் பூகூட விரியல! நைட்டியோட எதிர்வீட்டுக்கு ஓடி, அக்கா வீட்டு நாட்டுப் பரங்கியில ஒரு ஆண் பூ கேட்டு வாங்கிட்டு வந்து, இதழைக் கிழிச்சுத் தொட்டு விட்டேன். அக்கா "சாமிக்கா?"ன்னு கேட்டாங்க. என்னன்னு சொல்றது? ஒரு வாரத்துல பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துடுச்சு.

ரெடிங்வாழ் சேலத்தான்:
ராட்சசக் காய் கூகுர்பிட்டா மாக்ஸிமா, நம்ம ஊர்ப் பரங்கி பெரும்பாலும் மொஸ்கேட்டா. இனமே வேறங்க, ஒட்டுறது கஷ்டம்.

டீச்சர், வெயில் நிழல் எல்லாம் ரெண்டாம் பட்சம், பெருசாக்கினது விதைத் தேர்வு. 1903ல கனடாக்காரர் வில்லியம் வார்னாக் வச்ச 403 பவுண்டு சாதனை எழுபது வருஷத்துக்கு மேல அசையல, அவ்வளவு காலமும் வெயில் இருந்துச்சுதானே? ஹோவர்ட் டில் விதையைப் பொறுக்கிப் பொறுக்கி அட்லாண்டிக் ஜெயன்டை உருவாக்கி, 1979லிருந்து 1982 வரை வரிசையா ஜெயிச்சார். 1996ல ஆயிரம் பவுண்டு, 2012ல ரெண்டாயிரம் தாண்டியாச்சு. 2015ல ஒரு ஆய்வே வந்துச்சு: ராட்சச ரகத்துல சர்க்கரை கடத்துற திசு அதிகம், வேகம் அதிகம் இல்ல. குழாய் நிறைய இருக்கு, அவ்வளவுதான்.

மஞ்சக்குட்டை டீச்சர்:
தம்பி, அந்த விதையைத்தான் நானும் போட்டேன். குழாய் நிறைய இருந்து என்ன, காம்பு பிஞ்சுதே!

குட்டியானை ஓட்டுனர்:
நான் வளர்க்கல, சுமந்தேன். ஏற்காட்டிலிருந்து கீழ ஒரு காயை இறக்கணும்னு ஒருத்தர் வண்டி பிடிச்சார். வைக்கோல் மேல உட்கார வச்சு, ரெண்டு பக்கமும் பழைய டயர் அண்டை கொடுத்து, அவரே பின்னாடி ஏறி அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டார். இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் கண்ணாடி வழியாப் பார்ப்பேன், மனுஷன் கண்ணை மூடியிருப்பார்.

கீழ வந்து லாரி எடைமேடையில ஏத்தினோம். காயோட ஒரு தடவை, காயை இறக்கிட்டுக் காலி வண்டி ஒரு தடவை. பார்த்தா அந்த மேடை பத்துப் பத்து கிலோவாத்தான் காட்டும்! சார் கிராம் கணக்குல நோட்டு வச்சிருந்தவர். "தொண்ணூறா, நூறா, ஒழுங்காச் சொல்லுப்பா"ன்னு எடை போடுற பையனைப் பிடிச்சுக்கிட்டார். அவன் "சார், நாங்க ஜல்லி, மணல் எடை போடுறவங்க"ன்னான். அப்புறம் வண்டியை முன்ன பின்ன நகர்த்தி மறுபடி போடச் சொன்னார். அப்பவும் அதே எண்ணு. ரெண்டாவது தடவைக்கும் அந்தப் பையன் காசு கேட்டான், அதை யார் குடுக்கறதுன்னு எங்களுக்குள்ள அரை மணி நேரம் ஓடுச்சு.