புதுப்பிப்பு: மழை ஓய்ந்தபின் மீன்தொட்டி

போன பதிவில், தென்மேல் மழை ஓய்ந்ததும் வளவுத் தொட்டியின் அடிச்சேற்றை எடுத்து, மூன்றிலொரு பங்கு தண்ணீர் மாற்றச் சொல்லியிருந்தேன். கழுவிய மறுநாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பது ஏனென்று பலர் கேட்டிருந்தீர்கள்.

பெரும்பாலும் ஃபில்டர் ஸ்பொஞ்சைப் பைப் தண்ணீரில் அலசியதுதான் காரணம். பைப் தண்ணீரிலுள்ள குளோரின் பட்டால், மீன்கழிவின் நச்சான அமோனியாவைத் தின்னும் பக்டீரியா செத்துப்போகும்; அமோனியா கூடி மீனுக்கு மூச்சுத் திணறும். பக்டீரியா திரும்ப வளர நாலு முதல் ஆறு கிழமை செல்லும். தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு, அதில் இரண்டு தரம் பிழிந்தால் போதும். பளிச்சென்று வெள்ளையாகவே வேண்டாம். பக்டீரியா வளரும்வரை தீனி ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு.

புதுத் தண்ணீருக்கு, ஆயிரம் லீற்றருக்கு 10 கிராம் சோடியம் தயோசல்பேற்று (குளோரினை நீக்கும் உப்பு), முதலில் ஒரு கோப்பையில் கரைத்து.

சேற்றைக் கிளறாதீர்கள், குழாயால் உறிஞ்சி எடுங்கள். கூழ்முட்டை நாற்றம் அடித்தால் அது மீனைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைட் வாயு. மீன்களை முதலில் வேறு பேசினுக்கு மாற்றவேண்டும்.

கொழும்புச் சூட்டில் தண்ணீரில் ஒட்சிசன் எப்படியும் குறைவு, விடியற்காலையில் இன்னும் மோசம். காசை மிச்சம் பிடிக்க இரவில் பம்பை நிறுத்துவதுதான் பெரிய பிழை. பம்ப் உறுமியும் தண்ணீர் வரவில்லையென்றால் உள்ளே சுழலும் இதழில் (இம்பெலரில்) பாசிநார் சுற்றியிருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டே கை வையுங்கள்.

ஒக்டோபர் மழைக்குமுன் வழிகுழாய் வாயில் வலை கட்டிவிடுங்கள். குட்டி கப்பி மீன்கள் அதுவழியாகத்தான் வடிகானுக்குப் போகின்றன.