கோத்தகிரி சரிவில் விரிசல்: மாடல் மட்டும் பத்திரம் என்கிறது

கேள்வி (எம்.இ. மாணவன்):
எங்கள் தேயிலைச் சரிவின் உச்சியில் நீளவாக்கில் விரிசல். மோர்-கூலும் மாடலில் (மண்ணின் ஒட்டும் தன்மை, உராய்வு இரண்டையும் வைத்து வலிமையைக் கணக்கிடும் முறை) பாதுகாப்புக் காரணி (தாங்கும் வலிமையைச் சரியத் தள்ளும் விசையால் வகுத்தது; 1-க்குக் கீழே போனால் சரியும்) 1.4 வருகிறது. வேலிக்கால்களோ சாய்ந்துகொண்டே போகின்றன. எதை விட்டுவிட்டேன்?

குன்னூர்க்காரர்:
மழையை எங்கே வைத்தீர்கள் தம்பி? உலர்ந்த மண் கணக்கு பிப்ரவரிக்குத்தான் சரி. கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதானே ஆபத்து! துளைநீர் அழுத்தம் (மண்துகள்களின் இடைவெளியில் நிற்கும் நீரின் அழுத்தம்) ஏறினால், மண் இயக்கவியல் முன்னோடி டெர்சாகி சொன்னபடி, மண்துகள்கள் தாங்கும் தகைவு குறையும். உராய்வும் அதோடு போகும். அப்புறம், மோர்-கூலும் மண்ணுக்கு இல்லாத இழுவலிமையை (இழுத்தால் பிய்யாமல் தாங்கும் வலிமை) கொடுத்துவிடும். அதைப் பூஜ்யமாக்குங்கள். 2 மீட்டர் ஆழ விரிசலில் நீர் நிரம்பினால், மீட்டர் நீளத்துக்குச் சுமார் 2 டன் பக்கவாட்டில் தள்ளும்.

பாறைப்பித்தன்:
அடியில் சார்னகைட் என்ற பாறை. கெட்டியானதுதான், ஆனால் மூட்டுகள் (பாறையில் இயற்கையாக உள்ள பிளவுகள்) எந்தப் பக்கம் சாய்கின்றன என்று வெட்டுமுகத்தில் அளந்தீர்களா? சரிவின் பக்கமே சாய்ந்தால் மாடலில் தனி வழுக்குத் தளமாகப் போடுங்கள். செம்மண் பாறையில் உட்காரும் இடத்தையும் அப்படியே.

எம்.இ. மாணவன்:
நீர்மட்டத்தை ஏற்றி, இழுவலிமையை எடுத்துப் போட்டேன். 1.05.

குன்னூர்க்காரர்:
சரி, ப்ராஜெக்ட் அப்புறம். விரிசலைக் களிமண்ணால் அடைத்து, மேலே வடிகால் வெட்டுங்கள். கீழே வீடு இருந்தால் இன்றே தாசில்தாரிடம் சொல்லுங்கள்.