நடுகல் பழைய கச்சேரிக்கு வரலாமா?

பாரமகால்வாசி:
விடுமுறைக்குத் தரங்கம்பாடி போயிருந்தோம். 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டைக்குள்ளேயே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பீங்கான், நாணயம், ஆயுதம் எல்லாம் உண்டு. ஆனால் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தியது கட்டடம்தான். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமும் வெள்ளைக்காரன் காலத்துக் கச்சேரிகள், அதாவது அரசு அலுவலக ஓட்டுக் கட்டடங்கள் உண்டே. ஒன்றைச் சீராக்கி, சண்டையில் செத்த வீரர்களுக்காக நட்டு, இப்போது வெயிலில் கிடக்கும் நடுகற்களைக் கொண்டுவந்து வைத்தால் என்ன?

மாந்தோப்பு:
'கிடக்கும்' என்று யார் சொன்னது அண்ணா? எங்கள் பக்கம் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற சாமியாக நிற்கின்றன. பொங்கல் வைக்கிறோம், கிடா வெட்டுகிறோம். டேனிஷ்காரன் கோட்டையில் டேனிஷ்காரன் கதையைச் சொல்வது பொருத்தம். தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்கப் போய்ச் செத்தவன் கல்லுக்கும் வரி வசூலித்த கச்சேரிக்கும் என்ன சம்பந்தம்?

பாரமகால்வாசி:
வரி வசூலும் நம் வரலாறுதானே. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து நம் பகுதியான பாரமகால் ஆங்கிலேயக் கும்பினிக்குப் போனது. கும்பினி அதிகாரி ரீடும் அவருக்குக் கீழே இருந்த மன்றோவும், உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரியைப் பழகியது இந்த மண்ணில்தான். உங்கள் மாந்தோப்புப் பட்டாவுக்கு வேர் அங்கே இருக்கிறது.

மாந்தோப்பு:
அப்படியென்றால் நில அளவைச் சங்கிலியையும் பழைய கணக்குகளையும் அங்கே வையுங்கள், முதல் டிக்கெட் நான் எடுக்கிறேன். கல்லை விட்டுவிடுங்கள்.

வட்டெழுத்து:
புதுக் கட்டடம் எதற்கு? தருமபுரியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமான அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் இருக்கின்றன, கிருஷ்ணகிரியில் 1993 முதல் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கேயே போகாதவர்கள் ஓட்டுக் கட்டடத்துக்கு மட்டும் வருவார்களா? அது ஒருபுறம் இருக்கட்டும். மாந்தோப்பு, உங்கள் வேடியப்பனுக்கு எண்ணெயும் சுண்ணாம்பும் ஏற ஏற எழுத்து மறைகிறது. செங்கம் பக்கம் எடத்தனூரில் திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய்க்கும் சேர்த்துக் கல் வைத்தார்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல் அது. நாயின் பெயர் கோவிவன் என்று நமக்குத் தெரிவது எழுத்து பிழைத்ததால்தான்.

மாந்தோப்பு:
எழுத்தைத் தாளில் மை ஒற்றி மசிப்படி எடுத்துக்கொண்டு போங்கள், யார் தடுத்தது? கல்லைப் பெயர்த்தால் எந்த மேட்டில், எந்தத் திசை பார்த்து நின்றது என்பது போய்விடும். அட்டையில் ஊர்ப்பெயரும் நூற்றாண்டும்தான் மிஞ்சும். தொல்காப்பியம் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் எல்லாம், அதாவது கல்லைத் தேடி எடுத்து, நீராட்டி, நடும் சடங்குகள், அந்த மண்ணோடு சேர்ந்தவை. மின்விசிறிக்குக் கீழே நிற்பது வெறும் சிற்பம்.

வட்டெழுத்து:
கும்பிடுகிற கல் இருக்கட்டும், நானும் அதைத் தொடச் சொல்லவில்லை. துணி துவைக்கவும் வாய்க்காலுக்குப் பாலமாகவும் போட்டிருக்கும் கல்லைப் பற்றிச் சொல்லுங்கள். சாலையை அகலப்படுத்த ஜேசிபி வந்தால் மேடும் இல்லை, திசையும் இல்லை.

மாந்தோப்பு:
சரி, அந்த மாதிரிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஊர்க்கூட்டத்தில் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பாரமகால்வாசி:
நல்லது, உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாமே. அப்படிக் கேட்பாரற்ற கல் ஏதாவது உண்டா?

மாந்தோப்பு:
ஒன்று உண்டு. என் பங்காளி கொல்லையில், பம்ப்செட் வாசலில் படிக்கல்லாகக் கிடக்கிறது. வரப்புத் தகராறில் அவரோடு பேச்சுவார்த்தை நின்று ரொம்ப நாளாகிறது. நீங்களே போய்க் கேளுங்கள், என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.