மெல்லிசான இன்ஜின் கவரில் ஃபிட்டிங் போட்டால் என்ன ஆகும்? பட்டறையில் பார்த்தவை

ஆயில் சூடு காட்டும் மீட்டர் வைக்கிறேன் என்று பலர் கிளட்ச் கவரில் துளை போடுகிறார்கள். அப்படி எங்களிடம் வந்த ஒரு பைக்கைப் பற்றிச் சொல்கிறேன். வேறு எங்கோ செய்த வேலை. சென்சாரில் இருந்தது 1/8 என்பிடி, அதாவது நுனிப் பக்கம் குறுகிப்போகும் டேப்பர் மரை, அங்குலத்துக்கு 27 மரை. கணக்குப் பார்த்தால் ஒரு மரைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அந்த இடத்தில் கவரின் தடிமனோ 3 மி.மீ. கூட வராது, ஆக மொத்தச் சென்சாரையும் தாங்கிக்கொண்டிருந்தது இரண்டு, மூன்று மரைதான். டேப்பர் மரை உள்ளே போகப் போக ஆப்பு இறங்குவது போல உலோகத்தை விரித்துத்தான் கசிவை அடைக்கும். கனமான இரும்பு பிளாக் அதைத் தாங்கும், மெல்லிய அலுமினிய வார்ப்பு எங்கே தாங்கும்? துளையின் இரண்டு பக்கமும் மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருந்தது.

போதாததற்கு டெஃப்லான் டேப்பை வேறு கணக்கில்லாமல் சுற்றியிருந்தார்கள். அது வழுக்குவதால் எவ்வளவு இறுகியது என்பது கைக்குத் தெரியாது, இன்னும் ஒரு சுற்று போகட்டும் என்றே தோன்றும். பிய்ந்த துணுக்குகள் ஆயிலோடு போய் அதை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் வலையில் ஒட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தோம். ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் அதன் உடம்பு வழியாகத்தான் கிடைக்க வேண்டும், நடுவில் டேப் இருந்தால் மீட்டர் முள் இஷ்டத்துக்கு ஆடும்.

விரிசல் பட்ட இடத்தை வெட்டி எடுத்துவிட்டு அலுமினியத்தில் ஒரு தடித்த வளையம் கடைந்து ஆர்கான் வெல்டிங் வைத்தோம். பழைய வார்ப்பு ஆயிலைக் குடித்திருக்கும், சூடு காட்டித் துடைத்து, மறுபடி சூடு காட்டித் துடைக்காவிட்டால் வெல்டிங் முழுக்க ஊசித் துளையாக வரும். வெல்டிங் சூட்டில் கேஸ்கெட் உட்காரும் முகம் கோணிவிட்டது, அதைக் கண்ணாடித் தகட்டில் எமரி விரித்துத் தேய்த்துச் சரிசெய்ததுதான் அன்றைக்குப் பெரிய வேலை. அப்புறம் எம்10×1 நேர் மரை வெட்டி, மேல்முகத்தை மரைக்குச் செங்குத்தாகச் சீவி, செம்பு வாஷர் போட்டு அதே மரையில் வேறு சென்சார் மாட்டினோம். இப்போது பிடித்துக்கொள்வது மரையின் வேலை, கசிவை நிறுத்துவது வாஷரின் வேலை. இரண்டையும் மரை தலையிலேயே கட்டுவதால்தான் இவ்வளவு வம்பும். வளையம் தடிமனாக இருந்தால் டேப்பர் மரையும் நிற்கும்தான், எனக்கென்னவோ நேர் மரையில்தான் நம்பிக்கை.

—

அண்ணே, நீங்கள் சொல்வது வார்ப்புக்குச் சரி. எங்கள் பழைய டீசல் ஜீப்பில் டேப்பட் கவரே வெறும் தகரம், அதில் உள்ளே சேரும் புகையை வெளியே விடும் பிரீதர் குழாய் போட வேண்டியிருந்தது. தகரத்தில் மரை வெட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் தோள் வைத்த ஃபிட்டிங்கை வெளியிலிருந்து நுழைத்து, தோளுக்கு அடியில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கொடுத்து, உள்ளே நட்டால் பிடித்தோம். அந்த நட் கழன்று விழுந்தால் நேரே வால்வைத் தள்ளும் ராக்கர் மேல்தான் விழும் என்பதால், முறுக்கியபின் காது மடிக்கிற வாஷரையும் மடித்துவிட்டோம். முதலில் போட்ட சாதாரண நைட்ரைல் ஓ-ரிங் சூட்டில் கல்லாகிக் கசிய ஆரம்பித்தது, சூடு தாங்கும் வைட்டான் ரப்பர் போட்டபின் பிரச்சினை இல்லை. நட் ராக்கரில் இடிக்குமா என்று பார்க்க அதன் மேல் களிமண் உருண்டை வைத்துக் கவரை மூடி இன்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள், நசுங்கிய அளவே பதில் சொல்லிவிடும். துளையை, தெறிக்கும் ஆயிலை மறைக்கும் தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் போடாவிட்டால் புகைக்குப் பதில் ஆயிலே குழாயில் ஏறும்.

—

தம்பி செய்தது நல்ல முறை. மரைக்குப் போடும் பசை பற்றியும் சொல்லிவிடுகிறேன். லாக்டைட் 243 மாதிரியானவை காற்றுப்படாத இடத்தில், உலோகம் பட்டால் இறுகுபவை. அலுமினியத்தில் இறுக நேரம் பிடிக்கும், மாட்டிய கையோடு வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ஒருநாள் விடுங்கள். பிளாஸ்டிக் கவர் பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம், சில பிளாஸ்டிக் இது பட்டால் விரிசல் விட்டுவிடும். கேஸ்கெட் பேஸ்டை வைத்து மரையை அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள், பிதுங்கி உள்ளே விழுந்ததை ஆயில் பம்ப் உறிஞ்சிக்கொண்டால் கதை முடிந்தது.

இன்னொன்று, நீளமான பித்தளை எல்போவைக் கவரில் முறுக்கி, கனமான ஹோஸை அதிலேயே தொங்க விடாதீர்கள். இன்ஜின் அதிர்வில் அந்தப் பாரம் ஃபிட்டிங்கை ஆட்டிக்கொண்டே இருக்கும், எந்தப் பசையும் நிற்காது. கவர் போல்ட்டிலேயே ஒரு சின்ன கிளாம்ப் போட்டு ஹோஸைப் பிடித்துவிடுங்கள்.