புதுப்பிப்பு: ரோட்டவேட்டர் கத்திகளை மாற்றிய விவரம்

டிராக்டரின் பின்னால் பூட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரில், தேய்ந்த கத்திகளின் துருவேறிய நட்டுகள் அசையவில்லை, எப்படிக் கழற்றுவது என்று முன்பு கேட்டிருந்தேன்; வழி சொன்ன அனைவருக்கும் நன்றி. என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்து, டிராக்டரின் சுழல்விசையைக் கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டைக் கழற்றி, கருவியைத் தூக்கி நிறுத்தும் ஹைட்ராலிக்கை மட்டும் நம்பாமல் சட்டத்தின் இருபுறமும் கனமான மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்த பிறகே அடியில் கை வைத்தேன். மண்ணைச் சுரண்டிவிட்டு, துரு நீக்கும் எண்ணெயில் இரவு முழுவதும் ஊறவிடச் சொன்ன யோசனைதான் பலித்தது. இரண்டு நட்டுகளை மட்டும் உளியால் வெட்ட நேர்ந்தது.

எதிர்பாராதது ஒன்று நடந்தது. புதிய கத்திகளைப் பூட்டி ஓட்டியதும் இயந்திரம் கடுமையாக அதிர்ந்ததால் உடனே நிறுத்திப் பார்த்தேன். ஓரிடத்தில் இடப்பக்கம் வளைந்த இடக்கத்திக்குப் பதிலாக வலப்பக்கம் வளைந்த வலக்கத்தியைப் பூட்டியிருந்ததால், கூர்விளிம்புக்கு மாறாகக் கத்தியின் முதுகு மண்ணில் மோதியிருக்கிறது. ஒன்றைக் கழற்றியதும் அதே இடத்தில் புதியதைப் பூட்டியிருந்தால் இந்தத் தவறு வந்திருக்காது. போல்ட்டுகளையும் புதிதாகவே போட்டேன். ஒரு மணி நேரம் உழுத பின் மறுபடி இறுக்கியபோது நான்கு நட்டுகள் கால் சுற்று நகர்ந்தன.