இராமநாதசுவாமி கோயில் தீர்த்த வரிசை: நேரச் சீட்டு முறை பொருந்துமா?

கேள்வி: தங்கச்சிமடத்தான்

கடந்த தை அமாவாசையன்று, சிவகங்கையிலிருந்து வந்திருந்த என் அத்தையை இராமேசுவரத்துக்கு அழைத்துச் சென்றேன். அக்னி தீர்த்தக் கடலில் முழுகி எழுந்து வரிசையில் நின்றவருக்கு, முதல் கிணற்றின் வாளித் தண்ணீர் தலையில் விழுவதற்குள் உடுத்தியிருந்த சேலை பாதி காய்ந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் கல்தளத்தில் தேங்கிய நீரில் வழுக்கி விழுந்தார். களைத்துப் போனவர்கள் ஈர முதுகைத் தூண்களில் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். சேதுபதிகள் தலைமுறை தலைமுறையாக எழுப்பிய பிரகாரங்கள் அவை. மூன்றாம் பிரகாரத்தில் மட்டும் 1212 தூண்கள் என்று சிறுவயதிலிருந்து பெருமையாகச் சொல்லி வருகிறோம்; ஆனால் தோளுயரத்தில் அவற்றின் சுதை எப்படிக் கறுத்திருக்கிறது என்பதை அன்றுதான் உற்றுப் பார்த்தேன்.

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து, இரயில் மீண்டும் தீவுக்குள் வரத் தொடங்கிவிட்டதால் கூட்டம் இனிக் குறையப் போவதில்லை. திருமலையில் நேரம் குறித்த சீட்டு கொடுப்பதைப் போல, கோயிலுக்குள் நீராடும் 22 தீர்த்தங்களுக்கும் கொடுத்தால் என்ன? காசிக்குப் போய்க் கங்கை நீரோடு இங்கே வருகிற ஒருவரிடம் ‘இன்றைய சீட்டு முடிந்துவிட்டது’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

மறுமொழி 1: கோடித்தீர்த்தம்

என் சித்தப்பா பல ஆண்டுகள் அங்கே தீர்த்தம் இறைத்தவர் என்பதால், கிணற்றடியிலிருந்து பார்த்த கணக்கைச் சொல்கிறேன். 22 தீர்த்தங்களில் எது மிக மெதுவோ, அதன் வேகம்தான் முழு வரிசையின் வேகமும். ஒரு கிணற்றில் சுவரின் மேல் நின்று இறைப்பவருக்குக் கைவீச இடம் இருக்கும். இன்னொன்றில் நான்கு பேர் குனிந்து நிற்கவே இடம் போதாது. ஆகவே வாசலில் ஆயிரம் பேரை வேகமாக உள்ளே விட்டாலும், நெரிசல் வாசலிலிருந்து உட்பிரகாரத்துக்கு இடம் மாறுமே தவிர, வரிசை விரைவதில்லை.

இதைவிட முக்கியமானது தண்ணீர். இராமேசுவரம் மணல் தீவு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதப்பதைப் போலத் தங்கியிருப்பதால்தான் கடலுக்கு இத்தனை அருகில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். ஒருவருக்கு ஒரு வாளி, வாளிக்கு 5 லிட்டர் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், ஒரு நாளில் 10,000 பேர் நீராடினால் ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் 50,000 லிட்டர் போகிறது. சீட்டு கொடுப்பதாக இருந்தால், எத்தனை சீட்டு என்பதை அலுவலகம் முடிவு செய்யாமல், கிணறு எவ்வளவு ஊறுகிறது என்பதை அளந்து முடிவு செய்ய வேண்டும்.

மறுமொழி 2: கற்றளி

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், கல்லின் பக்கம் நின்று ஒன்றைச் சேர்க்கிறேன். வெறும் ஈரத்தைவிடக் கடல் உப்பே கல்லுக்குப் பெரிய பகை. நீரோடு கல்லின் நுண்துளைக்குள் போகும் உப்பு, உலரும்போது படிகமாக விரிந்து, மேற்பரப்பைப் பொடிப்பொடியாகத் தள்ளிவிடும். சுதைப்பூச்சு அதற்கும் முன்னரே உரியும். கடலிலிருந்து சொட்டச் சொட்ட நேராக வருகிறவர்கள் சில நிமிடங்கள் வெளியே ஒரு வடிகால் மேடையில் நின்று நீர் வடிந்தபின் உள்ளே வந்தாலே சேதம் கணிசமாகக் குறையும். நல்ல தண்ணீரில் அலசிவிட்டு வரச் சொல்லலாம் என்று எழுத நினைத்தேன்; மேலே உள்ள கணக்கைப் படித்தபின் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

கூட்டத்தோடு வந்து சேரும் வண்டிகளைப் பொறுத்தவரை மகாராட்டிரத்தின் அஜந்தாவைப் பார்க்கலாம். அங்கே சொந்த வாகனங்களைக் குகைகளுக்குச் சுமார் 4 கிலோமீட்டர் முன்பே நிறுத்திவிட்டுப் பேருந்தில்தான் போக வேண்டும்.

மறுமொழி 3: பாம்பன் ஆட்டோக்காரர்

ஐயா, நிறுத்துமிடத்தை ஊருக்கு வெளியே தள்ளுவது நல்ல யோசனைதான். ஆனால் அங்கிருந்து ஆளேற்றும் வேலை உள்ளூர் ஆட்டோவுக்கும் வேனுக்கும் கிடைக்குமா என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். 2017-இல் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை சாலை திறக்கும் வரை, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் வேன் ஓட்டிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். வேனில் இத்தனை பேர்தான் ஏற முடியும் என்பதே அன்றைக்கு ஒரு கட்டுப்பாடாக இருந்தது. இன்று ஆண்கடல், பெண்கடல் என்று நாங்கள் சொல்லும் இருபக்கக் கடல்களுக்கும் நடுவே கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. 1964 புயலில் தப்பிநின்ற தனுஷ்கோடி தேவாலயச் சுவரில், பவளக்கல்லைச் சாவியால் கீறிப் பெயர் எழுதுகிறார்கள். அப்படிக் கீறிய ஒரு பையனை நானே தடுத்தேன். ‘எல்லாரும்தானே எழுதியிருக்கிறார்கள்’ என்று பதில் சொன்னான்.

சீட்டு முறை வந்தால் கைப்பேசி இல்லாத கிழவிக்கு யார் பதிவு செய்து கொடுப்பது? அதற்கென்று ஒரு தரகர் கூட்டம் முளைக்கும். ஒருவேளை ஒரு பங்கைப் பதிவுக்கும், மீதியை வாசலில் நேரில் வருகிறவர்களுக்கும் ஒதுக்கினால் ஏற்றுக்கொள்ளலாம்.

தங்கச்சிமடத்தான்

பதிவுக்கு ஒரு பங்கு, நேரில் வருகிறவர்களுக்கு மீதி என்பது எனக்கும் நியாயமாகப் படுகிறது. தம்பி கோடித்தீர்த்தம், அமாவாசைக் கூட்டத்துக்குப் பிறகு கிணறுகள் பழைய மட்டத்துக்குத் திரும்ப எத்தனை நாள் ஆகும் என்று சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

கோடித்தீர்த்தம்

கேட்டேன், அண்ணன். நாள்கணக்கு அவருக்குத் தெரியவில்லை. ஆனால் பங்குனி, சித்திரையில் வாளிக் கயிற்றை ஒன்றிரண்டு முழம் நீட்டிக் கட்டுவார்களாம். ஐப்பசி மழை பிடித்தபின் அதைச் சுருக்கிக்கொள்வார்களாம். ‘எந்தக் கிணற்றுக்கு எத்தனை முழம் என்று எங்காவது எழுதி வைத்தீர்களா?’ என்று கேட்டதற்கு, ‘கைக்குத் தெரியுமே, எதற்கு எழுத வேண்டும்?’ என்றார். ஆடி அமாவாசைக்கு முன்பிருந்தே தினமும் அந்த அளவைக் குறித்துத் தர, இப்போது இறைப்பவர்களில் இருவரிடம் பேசியிருக்கிறேன்.